ஏற்றம் தேய்ப்பதும் வாரண்டி ஒதுக்குவதும்

பழைய ஆட்டோமேட்டிக் கார் பார்க்கப் போகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்விகள் இரண்டு. மலை ஏறுமா? வாரண்டி இருக்கிறதா? இரண்டுக்கும் விற்பவர் "தாராளமா" என்பார். அநேகமாக அது பொய்யாகவும் இருக்காது. வண்டி மலை ஏறும். வாரண்டிப் புத்தகமும் டேஷ்போர்டுக்குள் இருக்கும். ஆனால் இந்த இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. பல ஆட்டோமேட்டிக் வண்டிகளில் ஏற்றம் அதிகம் தேய்ப்பது கிளட்சை. பெரும்பாலான வாரண்டிகள் தேய்மானப் பொருள் என்று சொல்லி ஒதுக்குவதும் அதே கிளட்சைத்தான். மலையையும் வாரண்டியையும் ஒரே கேள்வியாகக் கேட்டால்தான் பழைய வண்டிக்குச் சரியான விலை போட முடியும் என்பது என் கட்சி.

முதலில், எந்த ஆட்டோமேட்டிக்? சந்தையில் அந்த ஒரு பெயருக்குள் நான்கு வேறு வேறு இயந்திரங்கள் இருக்கின்றன. ஏ.எம்.டி. என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் மனிதருக்குப் பதிலாக ஓர் ஆக்சுவேட்டர் செய்கிறது. 2014 பிப்ரவரியில் மாருதி செலேரியோ வழியாக இது நம் ஊர் நடுத்தரக் குடும்பத்துக்கு வந்தது. டார்க் கன்வர்ட்டர் என்பது பழைய முறை: இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் எண்ணெய் சுழன்று விசையைக் கடத்தும். சி.வி.டி.யில் பல் சக்கர கியர்களுக்குப் பதிலாக இரண்டு கப்பிகளும் அவற்றைச் சுற்றி ஓர் எஃகு பெல்ட்டும். நான்காவது டி.சி.டி. என்னும் இரட்டைக் கிளட்ச். அதில் கிளட்ச் எண்ணெயில் ஊறும் வகை ஒன்று, காற்றில் உலர்ந்தே வேலை செய்யும் வகை ஒன்று.

மாடல் பெயரை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. 2015இல் வந்த பலேனோவின் ஆட்டோமேட்டிக் சி.வி.டி.; 2022 பலேனோவின் ஆட்டோமேட்டிக் ஏ.எம்.டி. ஃபோக்ஸ்வேகன் போலோ ஜி.டி. 2013இல் வந்தபோது உலர் இரட்டைக் கிளட்ச். 2020இல் ஒரு லிட்டர் டர்போ இன்ஜின் வந்ததும் ஆறு கியர் டார்க் கன்வர்ட்டருக்கு மாறிவிட்டது. மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு எக்கோஸ்போர்ட்டும் அப்படியே: 2017 இறுதி வரை இரட்டைக் கிளட்ச், அதன் பிறகு டார்க் கன்வர்ட்டர். ஒரே பெயர், ஒரே உருவம், இரண்டு வருட வித்தியாசம். மலையில் இரண்டும் வேறு வேறு வண்டிகள். "எக்கோஸ்போர்ட் ஆட்டோமேட்டிக் நல்ல வண்டி" என்று யாராவது சொன்னால், எந்த வருஷத்து வண்டி என்று கேட்காமல் அந்தப் பேச்சுக்கு மதிப்பில்லை.

மலை என்ன செய்கிறது என்பதைக் கணக்காகப் பார்க்கலாம். நான்கு பேர் ஏறிய சிறிய கார் சுமார் 1,400 கிலோ. நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் உயரும் சாலையில் அதைப் பின்னுக்கு இழுக்கும் விசை 140 கிலோ எடைக்குச் சமம். சமதளத்தில் டயர் உருள மட்டும் தேவைப்படும் விசையைப்போல் இது ஏறக்குறைய ஏழு மடங்கு. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது இந்தச் சுமை இன்ஜினைத்தான் சேரும். கிளட்ச் முழுதாகப் பிடித்திருப்பதால் அதற்கு வலி இல்லை. ஆபத்து நின்று கிளம்பும் அந்த இரண்டு மூன்று நொடிகளில். அப்போது கிளட்ச் பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் நிற்கும். அந்த உராய்வெல்லாம் வெப்பமாகும். டார்க் கன்வர்ட்டரில் அந்த வெப்பம் எண்ணெய்க்குப் போய், எண்ணெய் கூலருக்குப் போய், வெளியே போய்விடும். ஏ.எம்.டி.யிலும் உலர் டி.சி.டி.யிலும் அது கிளட்ச் பிளேட்டிலேயே தங்கும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளை நிற்காமல் ஏறி முடிப்பதைவிட, விடுமுறை நாளில் கொடைக்கானல் மலைச் சாலையில் பஸ்ஸுக்குப் பின்னால் அங்குலம் அங்குலமாக நகர்வது இந்த வண்டிகளைக் கூடுதலாகத் தேய்க்கும்.

வருஷத்துக்கு ஒருமுறை ஊட்டிக்குப் போகிறவனுக்கு இவ்வளவு கவலை எதற்கு என்று கேட்பார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைக்குக் கீழே வண்டி நிறுத்துகிறவர் தினமும் காலையில் ஒரு செங்குத்தான சாய்தளத்தில், இன்ஜின் சூடாகும் முன்பே, வாட்ச்மேன் கேட்டைத் திறக்கும் வரை நின்று கிளம்புகிறார். அதுவும் மலைதான். மலையே பார்க்காத சென்னை வண்டியின் கிளட்ச், வாரம் ஒருமுறை குன்னூர் போய்வரும் வண்டியின் கிளட்சைவிட மோசமாக இருக்கலாம். "சிட்டியில மட்டும் ஓடின வண்டி சார்" என்பதை நான் ஒரு தகுதியாகவே எடுத்துக்கொள்வதில்லை.

ஏறுவதைப் பற்றி மட்டும் பேசிவிட்டு இறங்குவதை விட்டுவிடுவது இன்னொரு தவறு. மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் சுமார் 1,900 மீட்டர் உயர வித்தியாசம். அந்த 1,400 கிலோ வண்டி கீழே வரும்போது 7 யூனிட் கரண்டுக்குச் சமமான சக்தியை எங்கேயாவது தொலைத்தாக வேண்டும். காற்றும் டயரும் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை இன்ஜின் பிரேக்கிங் ஏற்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் டிஸ்க் ஏற்கும். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியை மணிக்கணக்கில் பிரேக்கில் வைத்து அழுத்துவதைப் போன்றது. அதனால் வண்டி பார்க்கும்போது மேனுவல் மோடில் இரண்டாம் கியரைப் போட்டு இறக்கத்தில் விட்டுப் பார்க்க வேண்டும். கியரைப் பிடித்துக்கொண்டு வேகத்தைக் கட்டுப்படுத்துகிறதா, தானாக மேல் கியருக்குத் தாவிவிடுகிறதா? சி.வி.டி.யானால் எல் அல்லது எஸ் நிலையில் போட்டால் இன்ஜின் சத்தம் கூடி வண்டி அடங்க வேண்டும். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். செய்கிறவர்களைத்தான் காணோம்.

சோதனையில் உண்மையான சிரமம், எது இயல்பு எது கோளாறு என்று பிரிப்பதில் இருக்கிறது. கோயம்புத்தூரில் ஒரு பழைய வண்டி விற்பனை நிலையத்தில், நண்பர் குடும்பத்துக்காக உலர் இரட்டைக் கிளட்ச் வண்டி ஒன்றைப் பார்க்கப் போயிருந்தோம். எங்களுடன் வந்த மெக்கானிக் அண்ணன் முதலில் பானெட் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருக்கிறார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல நெரிசலில் நெடுநேரம் ஓட்டிவிட்டு, பக்கத்து வணிக வளாகத்தின் கீழ்த்தளச் சாய்தளத்துக்கு வண்டியைக் கொண்டுபோனார். நால்வரும் உள்ளே, ஏ.சி. ஓடுகிறது. பாதி ஏற்றத்தில் நிறுத்தி, பிரேக்கை விட்டு, மெதுவாக ஆக்சிலரேட்டரைத் தொட்டார். கிளம்பிவிட்டது. மறுபடி நிறுத்தினார், மறுபடி கிளம்பியது. பிறகு சாய்தளத்தின் அடிக்கு வந்து வண்டியைத் திருப்பி, ரிவர்ஸில் மேலே ஏற்றினார். அப்போதுதான் ஸ்டியரிங்கில் ஓர் உதறல், இருக்கை வரை வந்தது. கண்ணாடியை இறக்கியதும் கருகல் வாடை. கூட வந்த விற்பனையாளர் சமாளித்தார்: "ஏ.சி. போட்டிருக்கோம், நாலு பேர் வேற உக்காந்திருக்கோம் சார், ஆட்டோமேட்டிக்னா இப்படித்தான் இருக்கும்." அண்ணன் திரும்பிப் பார்த்தார்: "அஞ்சு பேருக்குத்தானே தம்பி சீட்டு போட்டிருக்கான்?"

அந்த விற்பனையாளர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அதுதான் வாங்குபவரை ஏமாற்றும். ஏ.எம்.டி. வண்டி கியர் மாற்றும்போது தலை சற்று முன்னால் போய்வரும். அது அதன் பிறவிக் குணம். ஹில் ஹோல்டு இல்லாத பழைய ஏ.எம்.டி. ஏற்றத்தில் பிரேக்கை விட்டதும் பின்னால் நழுவும். அதுவும் கோளாறு அல்ல, ஹேண்ட்பிரேக் போட்டு எடுக்க வேண்டும் என்பதுதான். மாருதியின் ஏ.எம்.டி. வண்டிகளில் டிசையருக்கு 2020இலும், ஸ்விஃப்டுக்கு 2021இலும், வேகன் ஆருக்கு 2022இலும்தான் ஹில் ஹோல்டு வந்தது. ஆகவே 2018 டிசையர் நழுவினால் அதை இயல்பென்று ஒப்புக்கொள்ளலாம். 2021 டிசையர் பிரேக்கை விட்ட மறுகணமே நழுவினால் ஏதோ கெட்டிருக்கிறது. சி.வி.டி.யில் இன்ஜின் சத்தம் முன்னே போக, வேகம் பின்னால் வருவது இயல்பு. சத்தம் எகிறி, ஒரு வெட்டு வெட்டி, பிறகு வேகம் பிடித்தால் பெல்ட் வழுக்குகிறது என்று சந்தேகப்பட வேண்டும். டார்க் கன்வர்ட்டர் வண்டியில் டி-க்குத் தள்ளியதும் தாமதமாக, 'தொப்' என்று கியர் விழுந்தால் அது இயல்பே அல்ல. உலர் டி.சி.டி. கிளம்பும்போது உதறினால், எத்தனை பேர் உட்கார்ந்திருந்தாலும் அதற்குச் சமாதானம் கிடையாது.

கோளாறை இயல்பு என்று சொல்லிச் சமாளிப்பது சிறு வியாபாரிகளின் பழக்கம் மட்டுமல்ல. ஃபோர்டின் பவர்ஷிஃப்ட் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் விஷயத்தில் ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டது. ஃபியஸ்டா, ஃபோகஸ், எக்கோஸ்போர்ட் வண்டிகள் உதறுவதாக வந்தவர்களிடம், நீங்கள் ஓட்டும் விதம்தான் காரணம் என்று நிறுவனம் பலமுறை சொல்லி அனுப்பியிருந்தது. உதறல் வண்டியின் தரக்குறைவின் அறிகுறி என்று அதற்குத் தெரிந்தே இருந்தது. 2018 ஏப்ரலில் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. ஃபோக்ஸ்வேகனின் டி.எஸ்.ஜி. என்னும் ஏழு கியர் இரட்டைக் கிளட்சுக்கும் இதே போன்ற ஒரு வரலாறு உண்டு: 2013 மார்ச்சில் சீனாவில் மட்டும் 3,84,181 வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. உலர் இரட்டைக் கிளட்ச் வண்டிகள் எல்லாமே மோசம் என்று இதற்காகச் சொல்லிவிட முடியாது. மென்பொருளும் பாகங்களும் மாறியிருக்கின்றன. நெடுஞ்சாலையில் அவற்றுக்கு இணையாக இழுக்கும் வண்டி அந்த விலையில் அபூர்வம். ஆனால் புதிதாக வாங்கியவருக்கே நியாயம் கிடைக்க நீதிமன்றம் வேண்டியிருந்தது என்றால், மூன்றாவது கையாக வாங்குகிறவர் எந்தக் காகிதத்தை நம்பி வாங்குவது?

இங்கேதான் வாரண்டி வருகிறது. கம்பெனி வாரண்டி வேறு; அது முடிந்த பின் பணம் கட்டி நீட்டிக்கும் எக்ஸ்டெண்டட் வாரண்டி வேறு; பழைய வண்டி விற்கும் நிறுவனம் தன் பங்குக்குத் தரும் ஓராண்டு வாரண்டி முற்றிலும் வேறு. கம்பெனி வாரண்டி பொதுவாக வண்டியோடு அடுத்தவருக்குப் போகும். அதன் கால அளவும் நிலையானது அல்ல. மாருதி 2 வருடம் அல்லது 40,000 கி.மீ. என்றிருந்ததை 2024 ஜூலையில்தான் 3 வருடம் அல்லது ஒரு லட்சம் கி.மீ. ஆக்கியது. அதற்கு முன் விற்ற வண்டிக்கு "மாருதிக்கு மூணு வருஷம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எக்ஸ்டெண்டட் வாரண்டி புதிய உரிமையாளர் பெயருக்கு மாற வேண்டுமானால் அதற்குத் தனி நடைமுறை, சிலவற்றில் காலக்கெடு. சர்வீஸ் ஒன்றைத் தவறவிட்டிருந்தாலோ வெளியில் செய்திருந்தாலோ அதையே காரணமாக்கிக் கோரிக்கையைத் தள்ளிவிட வழி இருக்கிறது.

பழைய வண்டி நிறுவனங்களின் வாரண்டியில்தான் படிப்பதற்கு நிறைய இருக்கிறது. விளம்பரத்தில் 'இன்ஜின், கியர்பாக்ஸ் வாரண்டி' என்று பெரிய எழுத்தில் இருக்கும். உள்ளே நுழைந்தால், எண்ணெயில் இயங்கும் உட்பாகங்கள் மட்டும் என்ற வகையில் ஒரு வரி இருக்கக்கூடும். அந்த ஒரு வரியை எடுத்து நான்கு இயந்திரங்களின் மேல் வைத்துப் பாருங்கள். டார்க் கன்வர்ட்டர் வண்டியின் கியர்பாக்ஸ் ஏறக்குறைய முழுவதும் எண்ணெய்க்குள்தான் இருக்கிறது. வாரண்டி அதைக் காக்கும். சி.வி.டி.யின் பெல்ட்டும் கப்பியும் அப்படியே. ஏ.எம்.டி.யில் எண்ணெய்க்குள் இருப்பது எளிதில் கெடாத பல் சக்கரங்கள். கெடக்கூடிய கிளட்சும் ஆக்சுவேட்டரும் வெளியே. உலர் டி.சி.டி.யில் கிளட்ச் வெளியே. கட்டுப்பாட்டு யூனிட்டை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பது அவர்கள் பாடு. ஆகப் பாதுகாப்பு அதிகம் தேவைப்படும் வண்டிக்கு அந்தக் காகிதம் குறைவாகவும், அவ்வளவாகத் தேவைப்படாத வண்டிக்கு நிறைவாகவும் பாதுகாப்புத் தருகிறது. கையெழுத்துப் போடும் முன் கிளட்ச் அசெம்பிளி, ஆக்சுவேட்டர், மெகட்ரானிக்ஸ், கட்டுப்பாட்டு யூனிட் என்று பெயர் சொல்லிக் கேட்டு, 'உண்டு' 'இல்லை' என்ற பதிலை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்க வேண்டும். ஒரு கோரிக்கைக்கு அதிகபட்சம் எவ்வளவு தருவார்கள் என்ற வரம்பையும் சேர்த்துத்தான்.

சட்டம் துணைக்கு வருமா? ஓரளவு. 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, இந்த வேலைக்குத்தான் வாங்குகிறேன் என்று வாங்குபவர் சொல்லி, அந்தத் தொழிலில் இருக்கும் விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்கு ஓரளவு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. வாரம் ஒருமுறை வால்பாறை போக வேண்டும், குடும்பத்தோடு, என்று முன்பே எழுதிவிடுவது இதனால் பயனுள்ளது. ஆனால் இன்ன பிராண்டு, இன்ன மாடல் என்று பெயர் சொல்லி வாங்கினால் அந்தப் பாதுகாப்பு நழுவக்கூடும் என்று அதே பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. தரத்தைப் பற்றிய அடுத்த உட்பிரிவோ, வாங்குபவர் பொருளைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்குப் பாதுகாப்பு இல்லை என்கிறது. அதாவது அரைகுறையாகச் சோதித்துப் பார்ப்பது வாங்குபவருக்கே எதிராகத் திரும்பலாம். சோதித்தால் முழுதாகச் சோதிக்க வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில், கொடுத்த தொகை 50 லட்சம் வரை உள்ள புகார்களைக் கொண்டுபோகலாம். வியாபாரியிடம் வாங்கியிருந்தால்தான் அது. தெரிந்தவர், பக்கத்து வீட்டுக்காரர் என்று தனி மனிதரிடம் நேரடியாக வாங்கும்போது விலை குறைவது உண்மை. இந்தப் பாதுகாப்புகள் இல்லாததும் அந்த விலைக்குள் அடக்கம்.

சர்வீஸ் சரித்திரம் இந்த எல்லாவற்றையும்விட நேர்மையான சாட்சி. சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, உரிமையாளரின் ஒப்புதலோடு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கேட்டால் என்ன மாற்றினார்கள், எத்தனை கி.மீ.யில் மாற்றினார்கள் என்று தெரியும். கிளட்ச் மாற்றியிருந்தால் பலர் பயப்படுகிறார்கள். நான் மகிழ்வேன்: ஏ.எம்.டி.யில் 50,000 கி.மீ. ஓடி, கிளட்ச் புதிதாகப் போட்ட பில்லோடு வரும் வண்டி, அதே கி.மீ.யில் பழைய கிளட்சோடு வரும் வண்டியைவிட மேல். ஆனால் உலர் டி.சி.டி.யில் இரண்டு முறை மாற்றியிருந்தால் காரணம் கிளட்சில் இல்லை என்று அர்த்தம். ஸ்கேனர் போட்டுப் பார்ப்பதும் நல்லதே. ஆனால் மலிவான ஸ்கேனர் இன்ஜின் பிழைகளோடு நின்றுவிடும், கியர்பாக்ஸைப் படிக்காது. இன்ஜினின் சுயபரிசோதனைகள் 'முடியவில்லை' என்று காட்டினால், வண்டியைக் காட்டும் முன் யாரோ பிழைகளை அழித்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

இவ்வளவையும் நிறுத்துப் பார்த்த பிறகு என் தீர்ப்பு இது. மலைப் பாதையோ, செங்குத்தான கீழ்த்தள சாய்தளமோ அன்றாடம் உள்ளவருக்கு டார்க் கன்வர்ட்டர்தான் முதல் தேர்வு. எண்ணெய் மாற்றிய பில் இருந்து, கியர் தொய்வில்லாமல் விழுந்தால், வாரண்டி முடிந்திருந்தாலும் வாங்கலாம். மைலேஜ் குறைவு என்ற புகார் நியாயமானதே. ஆனால் அந்தப் பெட்ரோல் செலவோடு ஒரு கிளட்ச் செலவையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சி.வி.டி. இரண்டாவது, நால்வர் குடும்பம், எப்போதாவது மலை என்றால் நிம்மதியான வண்டி, ஐந்து பேரும் மேலே கேரியரும் என்றால் வேண்டாம். ஏ.எம்.டி.யை இளப்பமாகப் பார்ப்பதை நான் ஏற்கவில்லை. அதன் கிளட்ச் தேயும், ஆனால் மேனுவல் வண்டியின் கிளட்ச் போலவே எந்த ஊரிலும் மாற்றக்கூடியது. வாரண்டியை எதிர்பார்க்காமல், கிளட்சும் ஆக்சுவேட்டரும் மாற்ற ஆகும் செலவுக்கு சர்வீஸ் சென்டரில் எழுத்துமூல மதிப்பீடு வாங்கி, அந்தத் தொகையை விலையிலிருந்து கழித்துவிட்டால் அது நியாயமான வியாபாரம். மலையிலேயே குடியிருப்பவர் மட்டும் ஹில் ஹோல்டு உள்ள வருடத்து வண்டியாகப் பார்த்து எடுக்கட்டும்.

உலர் இரட்டைக் கிளட்ச் வண்டியில் செலவு லட்சத்தைத் தொடக்கூடும் என்பதால் அந்தக் கழித்தல் கணக்கு அங்கே செல்லாது. கம்பெனியின் வாரண்டி இன்னும் உயிரோடு இருந்து, அது புதிய பெயருக்கு மாறும் என்றும் கியர்பாக்ஸின் எந்தெந்தப் பாகம் அதில் அடங்கும் என்றும் சர்வீஸ் சென்டரிலிருந்து எழுத்தில் பதில் வந்தால், சாய்தளத்தில் ரிவர்ஸில் உதறாமல் ஏறினால், வாங்கலாம். சமவெளி நெடுஞ்சாலைக்காரருக்கு அது அருமையான வண்டி. விற்பனை நிலையத்தின் ஓராண்டு வாரண்டி ஒன்றை மட்டும் நம்பி, மலையடிவாரத்தில் குடியிருப்பவர் அதை வாங்கக் கூடாது. சர்வீஸ் சென்டரின் அந்தப் பதில் கைக்கு வரும்வரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். நாளைக்கே வேறு பார்ட்டி வருகிறது என்று விற்பவர் அவசரப்படுத்தினாலும்.